கஞ்சி போடாத விரிப்பு

சம்பளத்தில் கால் பங்கு வெட்டு என்று மேனேஜர் சொன்னபோது ஹோட்டல் ஊழியர்களில் யாரும் வாய் திறக்கவில்லை. சலவைப் பிரிவை மாத முடிவோடு மூடிவிட்டுத் துணிகளை வெளியே துவைக்கக் கொடுக்கப் போகிறோம் என்று அவர் அடுத்ததையும் சொன்னபோது ஒரே ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்தது கஞ்சியக்கா.

பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் வேறு. சலவைப் பிரிவுக்கு மேற்பார்வையாளராக வந்த நாளிலிருந்து விரிப்புகளுக்குப் போடும் கஞ்சியை வேறு ஒருவர் கையில் விடாமல் தானே கரைத்து வந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் இது. கஞ்சியக்கா கைபட்ட விரிப்பைச் சுவரோரம் நிறுத்தி வைத்தால் நிற்கும் என்று சமையலறைக்காரர்கள் கேலி பேசுவார்கள். அவள் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டதே இல்லை.

ஏன் சிரித்தோம் என்று அவளுக்கே விளங்கவில்லை. பயந்தாங்கொள்ளிச் சிரிப்பு என்றுதான் முதலில் நினைத்தாள். பயம் இருந்ததும் உண்மைதான். ஆனால் கூடவே, நெஞ்சுக்குள், நெடுநாள் அடைத்துக் கிடந்த ஜன்னலை யாரோ தள்ளித் திறந்த மாதிரியும் இருந்தது. வெளியூர் வியாபாரிகள் வருவது நின்று, கூட்ட அரங்கைப் பூட்டி, மேல்தளங்களில் ஒவ்வொன்றாக விளக்கை அணைத்து, சலவைக்கு வரும் மூட்டை நாளுக்கு நாள் இளைத்துக்கொண்டே வந்தது. இன்றா நாளையா என்று எல்லோரும் இந்த வார்த்தைக்காகத்தான் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். வந்துவிட்டது. இனிக் காத்திருக்க வேண்டாம். ஏதாவது செய்யலாம்.

"என்னக்கா சிரிப்பு?" என்றார் மேனேஜர். வயதில் அவளைவிட இளையவர். கம்பெனி கொடுத்திருந்த காரைத் திரும்ப வாங்கிக்கொண்ட பிறகு பஸ்ஸில் வந்து போகிறவர்.

"ஒண்ணுமில்ல சார். மலிவா இருக்குன்னு நாம வெளிய குடுக்கப் போறோம். நம்ம மெஷின் முக்கால்வாசி நேரம் சும்மா கிடக்குது. அதே மாதிரி வெளியாளுங்க அவங்க துணியை நம்மகிட்ட குடுத்தா?"

"இப்ப இருக்கிற நிலைமையில யாருக்கா குடுப்பாங்க?"

"கேட்டாத்தானே சார் தெரியும்."

மேனேஜர் நெற்றியைத் தேய்த்தார். மறுத்துச் சொல்லக்கூடத் தெம்பில்லாத முகம். "வெள்ளிக்கிழமை முதலாளி வர்றார். அதுக்குள்ள ஒரே ஒரு நிரந்தர வாடிக்கைக்காரரைக் கையெழுத்தோட கொண்டு வாங்க. பேசிப் பார்க்கிறேன். இல்லேன்னா என்னைக் குத்தம் சொல்லக்கூடாது."

அன்று திங்கட்கிழமை.

கீழே, நிலவறையில் இருந்த சலவைக்கூடத்துக்கு வந்ததும் நெட்டை அவளைப் பிடித்துக்கொண்டான். பெரிய வாஷிங் மெஷின் மூன்றையும் பார்த்துக்கொள்பவன். கூரைக் குழாய்களில் தலை இடிக்காமல் நடக்கக் குனிந்து குனிந்து முதுகே வளைந்துவிட்டவன்.

"உனக்கு என்னக்கா ஆச்சு? ஊரே இழவு வீடு மாதிரி உக்காந்திருக்கு, நீ பல்லைக் காட்டிட்டு நிக்கிறே."

"எனக்கும் தெரியலடா."

"பைத்தியம் பிடிச்சிருந்தா சொல்லிடு. வைத்தியத்துக்குக் கம்பெனி காசு குடுக்கறதை நிறுத்தறதுக்குள்ள காட்டிடலாம்," என்றாள் மடிப்பு மேசையிலிருந்து பொட்டலம். குள்ளமாக, உருண்டையாக, எப்போதும் எதையாவது கட்டிக்கொண்டே இருப்பதால் அந்தப் பெயர். இரண்டு பிள்ளைகளைத் தனியாளாக வளர்க்கிறவள். சொல்லிவிட்டு அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டதைக் கஞ்சியக்கா கவனித்தாள். அந்தக் கூடத்தில் வேலை செய்யும் எல்லோருடைய அடுப்பும் எரிவது இப்போது தன் கையில்தான் இருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உறைத்தும் அந்தத் துள்ளல் அடங்கவில்லை. அதுதான் வெட்கமாக இருந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் கணவர் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். டைல்ஸ் கடையில் விற்பனையாளர். கடையில் இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள்தான் அவருக்கு வேலை. வேலையில்லாத நாட்களில் சமையலை அவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

"நீ ஏன் வாயைக் குடுத்தே? பேசாம இருந்தா வேற பிரிவுக்காவது மாத்தியிருப்பாங்க."

"எங்க மாத்துவாங்க? மேல ரூமே பூட்டிக் கிடக்குது."

"முடியலேன்னு வை. உன்னாலதான் போச்சுன்னு நாளைக்கு எல்லாரும் உன்னைத்தான் பிடிப்பாங்க."

"நான் கேக்கலேன்னாலும் போகத்தாங்க போகுது."

அவர் அவள் தட்டில் சோற்றை வைத்தார். அவரிடம் கோபம் வரவில்லை அவளுக்கு. ஒவ்வொரு நாளும் கடை வாசலில் நின்று வராத வாடிக்கைக்காரருக்காகத் தெருவைப் பார்த்துப் பார்த்து அவர் உள்ளுக்குள் சுருங்கிப்போயிருந்தார். பயம் சிலரை மடித்து வைக்கிறது. தன்னை மட்டும் ஏன் பிரித்து உதறுகிறது? கல்யாணம், பிள்ளைப்பேறு, வேலை என்று எதிலும் அவள் எதையும் தேர்ந்தெடுத்ததில்லை. கொடுத்ததை ஒழுங்காகச் செய்து முடித்தாள், அவ்வளவுதான். நாற்பது தாண்டிய பிறகு முதல்முறையாக, நாளைக்கு எந்தக் கதவைத் தட்டலாம் என்று அவளாகவே யோசிக்க வேண்டியிருந்தது. அந்த யோசனை பசியைத் தின்றுவிட்டது.

மகள் எதிரே உட்கார்ந்து அவளையே பார்த்தாள். "அம்மா, உன் கண்ணு ஒரு மாதிரி இருக்கு. எனக்குப் பரீட்சை முடிஞ்ச அன்னிக்கு இப்படித்தான் இருக்கும்."

"சாப்பிடுடி," என்றாள். ஆனால் மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

மறுநாள் காலை மடித்த விரிப்பு ஒன்றைக் கைக்குள் இடுக்கிக்கொண்டு புறப்பட்டாள். அழகுநிலையத்தில் துண்டுகளை வீட்டிலேயே துவைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். உடற்பயிற்சிக்கூடத்தின் கதவில் 'வாடகைக்கு' என்று எழுதியிருந்தது. பெண்கள் விடுதியின் வார்டன் அவள் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, "எங்களுக்கே ஆள் குறைஞ்சுபோச்சும்மா, உங்க ஹோட்டல்ல வார்டன் வேலை ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். ஒவ்வொரு மறுப்புக்கும் கால் கொஞ்சம் கனத்தது. ஆனால் அடுத்த வாசலை நெருங்க நெருங்க இதயம் மறுபடி படபடக்க ஆரம்பித்துவிடும். முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் போய் நின்று, என்னால் இது முடியும் என்று சொல்வதில் இப்படி ஒரு போதை இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

தனியார் ஆஸ்பத்திரியின் பின்வாசலில் தலைமை நர்ஸ் போனில் யாரையோ காய்ச்சிக்கொண்டிருந்தார். "ஈரத்தோட அனுப்பினா நான் யார் மேல போர்த்தறது? உங்க மேலயா?" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். காலடியில் மூட்டை மூட்டையாக விரிப்புகள். கஞ்சியக்கா குனிந்து ஒன்றைத் தொட்டாள். பிழியலாம் போல இருந்தது.

"யாரு நீங்க?"

"இதைக் காயவைக்கத் தெரிஞ்ச ஆளு," என்றாள். இப்படி ஒரு பதில் தன் வாயிலிருந்து வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

தலைமை நர்ஸ் அவளை மேலும் கீழும் பார்த்தார். மூன்று கேள்வி கேட்டார். பிறகு, "நாளைக்குக் காலையில ரெண்டாம் மாடித் துணியை மட்டும் எடுத்துட்டுப் போங்க. மத்தியானத்துக்குள்ள திரும்பணும். பாத்துட்டுச் சொல்றேன்," என்றார்.

புதன்கிழமை நிலவறை கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. நெட்டை மூன்று மெஷினையும் ஒன்றாக ஓட்டினான். மூன்றும் சேர்ந்து ஓடுகிற சத்தத்தைக் கேட்டே பல மாதமாகியிருந்தது. நீராவி எழுந்து குழாய்களில் சொட்டியது. ரோலர் இஸ்திரியின் வாயில் விரிப்பைக் கொடுக்க இரண்டு பேர், வாங்க இரண்டு பேர். கஞ்சியக்கா வேலைக்கோட்டின் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு கஞ்சி கரைத்தாள். எப்போதும் போடுவதைவிட ஒரு கை கூட. பொட்டலம் ஓரங்களைக் கத்தி மாதிரி மடித்து, நாடாவால் கட்டி, பூ முடிச்சுப் போட்டாள்.

"முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட நான் இப்படிக் கட்டலக்கா."

மத்தியானம் தள்ளுவண்டியைத் தாங்களே தள்ளிக்கொண்டு போய் இறக்கிவிட்டு வந்தார்கள். வெள்ளை வெளேரென்று அடுக்கி நின்ற விரிப்புகளை ஆஸ்பத்திரிக் காவலாளிகூட எட்டிப் பார்த்தார்.

ஒரு மணி நேரத்தில் போன் வந்தது. "உடனே வாங்க." குரலில் எதையும் படிக்க முடியவில்லை.

தலைமை நர்ஸ் அவளை ஒரு காலிப் படுக்கைக்கு அழைத்துக்கொண்டு போனார். கட்டிலில் அவள் அனுப்பிய விரிப்பு விரிந்திருந்தது. ஒரு சுருக்கம் இல்லை.

"படுங்க."

"என்னது?"

"படுத்துப் பாருங்கம்மா."

செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தாள். விரிப்பு காகிதம் மாதிரி சரசரத்தது. புரண்டாள். மறுபடி சரசரப்பு. மடிப்புக் கோடுகள் முதுகில் குச்சி வைத்த மாதிரி உறுத்தின. பக்கத்துக் கட்டிலில் கண்ணயர்ந்திருந்த அம்மா ஒருவர் அந்தச் சத்தத்தில் விழித்துப் பார்த்தார்.

"எங்க பேஷன்ட்டுங்க நாள் முழுக்க இதுலதான் கிடக்கணும். சிலருக்கு முதுகுத் தோல் வெங்காயச் சருகு மாதிரி இருக்கும். அப்புறம் இந்த நாடா. ஒரு கையால ஆளைப் பிடிச்சுக்கிட்டு நர்ஸு இன்னொரு கையால முடிச்சை அவிழ்க்கணுமா?"

கஞ்சியக்கா எழுந்திருக்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனை ஆயிரம் விரிப்புகள் அவள் கை வழியாகப் போயிருக்கும். கதவைத் திறந்ததும் விருந்தாளியின் கண்ணில் படுவதற்காக அவற்றை அவள் விறைக்க வைத்தாள். அவற்றின்மேல் ஒருவர் இரவெல்லாம் படுத்துக் கிடப்பார் என்பது அவளுக்குத் தோன்றியதே இல்லை. ஹோட்டலில் மேலே இருக்கும் அறைகளில் ஒன்றில்கூட அவள் படுத்ததில்லை; உட்கார்ந்ததுகூட இல்லை. தன் பெருமை மொத்தமும் யாரோ ஒருவர் முதுகில் உறுத்திக்கொண்டிருந்திருக்கிறது.

அவமானத்தில் கண் கலங்க வேண்டிய இடம் அது. கலங்கவும் செய்தது. ஆனால் கூடவே மண்டைக்குள் ஏதோ பரபரவென்று ஓட ஆரம்பித்துவிட்டது.

சடாரென்று எழுந்து உட்கார்ந்தாள். "ஆளு படுத்திருக்கும்போதே எப்படி விரிப்பை மாத்துவீங்க? ஒரு தரம் காட்டுங்க சிஸ்டர்."

தலைமை நர்ஸ் ஒரு கணம் தயங்கிவிட்டு அவளையே நோயாளியாக்கிச் செய்து காட்டினார். ஒரு பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, பழைய விரிப்பை முதுகுவரை சுருட்டி, புது விரிப்பில் பாதியை விரித்து மீதியைச் சுருட்டி முதுகோடு ஒட்டி வைத்து, அந்த மேட்டைத் தாண்டி அவளை இந்தப் பக்கம் புரட்டி, அந்தப் பக்கம் போய் மீதியை உருவினார்.

"நாளைக்குக் காலையில இதையே திரும்பக் கொண்டாரேன். பிடிக்கலேன்னா இந்தப் பக்கமே வர மாட்டேன்."

"நாளைக்கு ஒரு தடவைதான்," என்றார் தலைமை நர்ஸ். "எனக்கும் மேல பதில் சொல்லணும்."

வண்டி நிறைய விரிப்புகள் திரும்பி வந்ததைப் பார்த்ததும் நெட்டை ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்திவிட்டு வந்தான். பொட்டலம் தான் போட்ட பூ முடிச்சுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கஞ்சியை எடுக்கணும்," என்றாள் கஞ்சியக்கா. "பொட்டுக்கூட மிச்சம் இருக்கக்கூடாது."

"கஞ்சி இல்லாமலா? நீயா சொல்றே?" நெட்டை உண்மையாகவே பயந்துபோனான். "எத்தனை தண்ணியில அலசினா போகும்?"

"தெரியாது. ஏத்தித்தானே பழக்கம், இறக்கினது யாரு? கையில ஒட்டறது நிக்கிறவரைக்கும் அலசு."

முதல் தண்ணீர் பால் மாதிரி வந்தது. அடுத்தது கலங்கலாக. ஒவ்வொரு முறையும் அவள் ஒரு விரிப்பின் ஓரத்தைக் கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்து, இன்னும் போகவில்லை என்று தலையாட்டினாள். கடைசியில் தண்ணீர் தெளிந்து, விரிப்பு டிரையரிலிருந்து தொளதொளவென்று வெளியே வந்தபோது, தன் பிள்ளையை மொட்டையடித்துக் கொண்டுவந்து நிறுத்திய மாதிரி அவளுக்கு முதலில் சங்கடமாக இருந்தது. பிறகு அதைக் கன்னத்தில் வைத்தாள். எடுக்க மனம் வரவில்லை.

"இப்ப மடிப்பு. நெட்டை, மேசை மேல ஏறிப் படு."

"நான் எதுக்கு?"

"நீதான் பேஷன்ட்."

மடிப்பு மேசைக்கு வெளியே அவன் கால் முழங்காலோடு நீட்டிக்கொண்டிருந்தது. பொட்டலம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரே கையால் அவனைப் புரட்டப் பார்த்தாள். அவன் அசையவில்லை.

"அய்யய்ய, எருமை மாட்டை நகர்த்திடலாம் போலிருக்கு."

"ஒடம்பு சரியில்லாதவன்கிட்ட இப்படியா பேசுவாங்க?"

"பேஷன்ட் வாயைத் திறக்கக்கூடாது. நாக்கைத்தான் நீட்டணும்."

ஹோட்டல் மடிப்பில் விரித்தார்கள். விரிப்பு அவன் இடுப்பில் சிக்கியது. முழுக்கச் சுருட்டிப் பார்த்தார்கள். உருண்டு தரையில் போய் விழுந்தது. பாதி சுருட்டி, பாதி மடித்துப் பார்த்தார்கள். சுருட்டிய பாதி அவன் முதுகுக்கடியில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. இஸ்திரிக்காரர்களும் வேலையை விட்டுவிட்டு வந்து ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். யாரும் வீட்டுக்குப் போகிற பேச்சை எடுக்கவில்லை. பொட்டலம் திடீரென்று எல்லோரையும் விலக்கிவிட்டு, விரிப்பை நீளவாக்கில் நடுவில் பிரித்து, ஒரு பாதியைத் தட்டையாக மடித்தாள். மறு பாதியைக் காகித விசிறிபோல முன்னும் பின்னுமாகக் கொசுவி வைத்தாள். தட்டைப் பாதியை விரித்து, நெட்டையை மேட்டின்மேல் புரட்டி, அந்தப் பக்கம் ஓடிப்போய் ஓரத்தைப் பிடித்து ஒரு கையால் ஒரே இழுப்பு இழுத்தாள். விசிறி மொத்தமும் வழுக்கிக்கொண்டு வந்து விரிந்தது.

எல்லோரும் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்கள். நெட்டை எழுந்திருக்கவில்லை.

"என்னடா?"

"இரு அக்கா. நல்லா இருக்கு. கொஞ்ச நேரம் இப்படியே கிடக்கேன்."

அப்போது கிளம்பிய சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. பொட்டலம் சிரித்துக்கொண்டே அழுதாள். யாரும் அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை காலை தலைமை நர்ஸ் அவளைக் காலிப் படுக்கைக்கு அழைத்துப் போகவில்லை. நிஜமான படுக்கைக்குப் போனார். கால் எலும்பு முறிந்த பெரியவர் ஒருவர் தூக்க மருந்தில் கிடந்தார். இளம் நர்ஸ் ஒருத்தி ஒரு கையை அவர் தோளில் கொடுத்துப் புரட்டி, பாதி விரித்து, திருப்பி, சுற்றி வந்து ஓரத்தைப் பிடித்தாள். கஞ்சியக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். விரிப்பு வந்தது. சத்தமே இல்லை. பெரியவர் உதட்டை ஒருமுறை சப்புக்கொட்டிவிட்டுத் தூக்கத்தைத் தொடர்ந்தார்.

தலைமை நர்ஸ் புறங்கையால் விரிப்பைத் தடவினார். "ரெண்டாம் மாடியும் மூணாம் மாடியும். முதல்ல மூணு மாசத்துக்கு. ஒரு நாள் ஈரமா வந்தா அன்னிக்கே முடிஞ்சுது, சொல்லிட்டேன்."

கையெழுத்து வாங்கிக்கொண்டு பின்வாசலுக்கு வந்தபோது கால் தரையில் பாவவில்லை. அங்கே வேறொரு வேன் நின்றது. ஆஸ்பத்திரிக்கு இதுவரை துவைத்துக் கொடுத்த சலவைக்கூடத்தின் டிரைவர் மூட்டைகளைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் மாட்டியிருந்த ஹோட்டல் வேலைக்கோட்டைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"மேல் மாடியெல்லாம் இனிமே நீங்கதானா?"

அவள் கையெழுத்துக் காகிதத்தை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். "உங்க வேலையைப் பறிச்சிட்டேனாண்ணே?"

"முதல் மாடி இன்னும் எங்ககிட்டதாம்மா இருக்கு. எங்க முதலாளி பாதிப்பேரை அனுப்பிட்டாரு. டிரையர்கிட்ட நிக்க ஆள் இல்லாம ஈரத்தோட கட்டி அனுப்பறோம். இத்தனையும் செய்ய எங்களாலயும் முடியல." ஒரு மூட்டையைத் தூக்கிவிட்டு நின்றார். "உங்க பக்கம் ஆள் எடுத்தா சொல்லுங்க. அனுப்பினவங்க எல்லாம் நல்ல வேலைக்காரங்க."

சரி என்று தலையாட்டினாள். சந்தோஷம் குறைந்துவிடும் என்று எதிர்பார்த்தாள். குறையவில்லை, பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான். இரண்டையும் சுமந்துகொண்டே நடந்தாள். நடக்க முடிந்தது.

வெள்ளிக்கிழமை முதலாளியின் அறைக்கு வெளியே அவளை வெகுநேரம் நிற்க வைத்தார்கள். மேனேஜர் வெளியே வந்து கதவைச் சாத்தினார். இந்த மாதங்களில் அவர் முகத்தில் அவள் பார்த்திராத ஏதோ ஒன்று இருந்தது.

"மூடல. மூணு மாசம் பார்க்கலாம்னுட்டார். ஆனா சம்பளம் வெட்டினது வெட்டினதுதான். எல்லாருக்கும். எனக்கும் சேர்த்துத்தான்."

"வேலை இருக்குல்ல சார்?"

"இருக்கு."

லிப்ட் வர நேரமாகும் என்று படிக்கட்டில் இறங்கினாள். இறங்க இறங்க மெஷின்களின் சத்தம் காலுக்கடியில் அதிர்ந்தது. அன்றைய ஆஸ்பத்திரி மூட்டைகள் ஏற்கெனவே வந்திருந்தன. நெட்டையும் பொட்டலமும் மற்றவர்களும் வேலையை நிறுத்தாமல் அவளையே பார்த்தார்கள். வேலை இருக்கிறது என்று தலையை ஆட்டினாள். யாரோ விசில் அடித்தார்கள்.

"மூணு மாசம்," என்றாள், விசில் அடங்கியதும். "சம்பளம் ஏறாது."

"மூணு மாசம் கழிச்சு?" என்றாள் பொட்டலம். கேலியில்லாமல் கேட்டாள்.

கஞ்சியக்கா அவளைப் பார்த்தாள். மூன்று மாதம் கழித்து என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியாது. தெரியாததை நினைத்தபோது அந்த ஜன்னல் காற்று மறுபடி முகத்தில் அடித்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்று பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் முதியோர் இல்லம் ஒன்று. அங்கே படுத்திருப்பவர்களின் முதுகையும் யாராவது யோசிக்க வேண்டும்.

"இன்னிக்குத் துணியை நீ பார்த்துக்கறியா?" என்று கேட்டுக்கொண்டே மடிப்பு மேசையிலிருந்து விசிறி மடிப்பு விரிப்பு ஒன்றை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

"இப்பவா? எங்கக்கா கிளம்பிட்டே?"

"கேட்டுட்டு வந்துடறேன்," என்று சொல்லிவிட்டு, வேலைக்கோட்டைக் கழற்ற மறந்தபடியே, வந்த படியில் திரும்ப ஏறினாள்.